பிரயாணமும் பிரயோஜனமும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் பழைய சாலையில் கோரிமேட்டைக் கடக்கும் பிரயாணிகளில் அநேகர், தாம் ஓர் எல்லையைத் தாண்டினோம் என்பதை இன்று கவனிப்பதுகூட இல்லை. சாலையோரத்துப் பலகையும் மதுக்கடைகளின் நெருக்கமும் அல்லாமல், தமிழ்நாட்டையும் புதுவையையும் அங்கே பிரித்துக் காட்டுவது அதிகமாக ஒன்றுமில்லை. எழுபது வருஷங்களுக்கு முன் நிலைமை வேறு. அப்பொழுது கோரிமேடு இரண்டு ராஜ்யங்களின் வாசற்படி. ஒரு பக்கம் சுதந்திர இந்தியா. மறுபக்கம் பிரெஞ்சு ஆட்சி. இரண்டுக்கும் இடையே இருந்த சுங்க ஐக்கியம் 1949ஆம் வருஷத்தில் முறிந்த பிறகு, இத்தகைய எல்லைகளில் மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. ஒரே பாஷை பேசி, ஒரே கோயிலில் கும்பிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த ஜனங்கள், பக்கத்து ஊருக்குப் போவதற்குச் சாவடிக்காரனுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியவர்களானார்கள்.

அந்தச் சாவடி ஒரு யுத்தமும் இல்லாமல் மறைந்தது. கோவாவில் 1961ஆம் வருஷம் டிசம்பரில் சேனை புக நேர்ந்தது, இங்கே நேரவில்லை. அது எப்படி என்று யோசிப்பது, தேசத் தலைவர்களின் அந்நிய தேசப் பிரயாணங்களைப் பற்றி அடிக்கடி எழும் ஆரவாரத்துக்கும் தூஷணைக்கும் நடுவே, ஒரு தெளிந்த அபிப்பிராயத்துக்கு வர நமக்கு உதவும் என்று கருதுகிறோம்.

எப்படி என்ற கேள்விக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் விடை, ஜவஹர்லால் நேருவின் ராஜதந்திரம் என்பதே. அதற்குச் சாட்சியும் கோரிமேட்டிலேயே நிற்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுவையில் தொடங்கிய வைத்தியப் பள்ளி, 1956இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் அவர் பெயரைத் தாங்கிய ஜிப்மராக உயர்ந்தது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் நோயாளிகள் விடியற்காலையிலேயே வந்து அதன் வாசலில் காத்திருக்கிறார்கள். எல்லை நீங்கியதன் பயனை அவர்களைவிட நன்றாக அனுபவிப்போர் இல்லை. ஆகவே ஜவஹர்லாலுக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றியில் குறை வைக்கப் போவதில்லை. ஆயினும் அந்த விடை பாதி உண்மைதான். மறு பாதி, கோரிமேட்டிலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் கீழூர் என்ற சிற்றூரில் கிடக்கிறது.

1954ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 18ஆம் தேதி, பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதி சபை அங்கத்தினரும் முனிசிபல் சபை அங்கத்தினருமாக 178 பேர் கீழூரில் கூடினார்கள். இந்தியாவுடன் சேர்வதா, பிரான்சுடன் இருப்பதா என்பது அவர்கள்முன் இருந்த கேள்வி. 170 பேர் சேர்வதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். மூன்றாம் நாள், அதாவது 21ஆம் தேதி, டில்லியில் இரு சர்க்கார்களின் பிரதிநிதிகளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நவம்பர் 1ஆம் தேதி கேவல் சிங் புதுவையின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்.

கீழூரில் வாக்குகள் எண்ணப்பட்ட அன்று பாரதப் பிரதமர் இந்தியாவில் இல்லை. அவர் சீனப் பிரயாணத்தில் இருந்தார். முந்தின நாள்தான் ஹானோயில் ஹோ சி மின்னைச் சந்தித்திருந்தார். டில்லியில் உடன்படிக்கை கையெழுத்தான தினத்தில், பீகிங்கில் மாவோவின் விருந்தாளியாக இருந்தார். அவருடைய பிரயாணங்களிலேயே அதிகமாகப் பேசப்பட்ட ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே, அதனோடு சம்பந்தமில்லாத ஒரு சிற்றூரில், ஒரு பிரதேசத்தின் தலைவிதி நிர்ணயமாயிற்று. பிரயாணம் செய்யாதவர்கள் செய்த காரியம் அது.

இதைச் சொல்லுவதனால் ராஜதந்திரத்தைச் சிறுமைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். கீழூருக்கு வழி அமைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1946ஆம் வருஷத்துப் பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவு, சம்பந்தப்பட்ட ஜனங்களின் சம்மதமின்றி எந்தப் பிரதேசத்தையும் பிறருக்குக் கொடுப்பது செல்லாது என்றது. 1948ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இரு சர்க்கார்களும் ஜன அபிப்பிராயத்தை அறிந்தே முடிவு செய்வதென்று இணங்கின. சந்திரநாகூர் மறுவருஷமே வாக்களித்து விலகிற்று. புதுவை, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகியவற்றில் விஷயம் இழுபட்டது. அச்சுறுத்தலின் கீழ் நடக்கும் வாக்கெடுப்பு உண்மையான வாக்கெடுப்பாகாது என்று இங்குள்ள தேசபக்தர்கள் அஞ்சினார்கள். 1954ஆம் வருஷம் மார்ச்சில் புதுவையின் முனிசிபல் சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. நெட்டப்பாக்கம் இயக்கத்தின் நிலைக்களமாயிற்று. ஜூனில் ஏனாமும், ஜூலையில் மாஹியும் பிரெஞ்சு ஆட்சியை உதறின.

வெளியுலகத்திலும் காற்று திரும்பியிருந்தது. அவ்வருஷம் மே மாதம் 7ஆம் தேதி தியன் பியன் பூவில் பிரெஞ்சுச் சேனை தோற்றது. பாரிஸில் இந்தியப் பிரதிநிதிகளுடன் நடந்த பேச்சு ஜூன் முதல் வாரத்தில் முறிந்தது; ஆனால் அதே மாதத்தில் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். இந்தோசீன யுத்தத்தை முடித்துக்கொள்ளத் துணிந்த அவர், நான்கு சிறு துண்டுகளுக்காக இந்தியாவின் சிநேகத்தை இழக்க விரும்பவில்லை. பிரெஞ்சுச் சட்டத்தின் நிபந்தனைக்கும் இந்தியாவின் ஆட்சேபத்துக்கும் நடுவே கண்டுபிடிக்கப்பட்ட வழிதான், ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கேட்பது என்பது.

அந்த வாக்கெடுப்பு குறையற்றதென்று நாம் சாதிக்கவில்லை. சுமார் மூன்று லட்சம் ஜனங்களுக்காக 178 பேர் பேசினார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த தேர்தல்களைப் பற்றியும் புகார்கள் உண்டு. ஆனாலும் கேட்கவேண்டும் என்ற நியதி ஒன்று இருந்தது, கேட்டார்கள், பதில் எழுத்தில் ஏறியது. அதற்குப் பிறகே பேனா உடன்படிக்கையில் பட்டது. ராஜதந்திரத்தின் மேன்மைக்கு நாம் கொள்ளும் உரைகல் இந்த வரிசைதான்: முதலில் ஜனங்களின் சொல், பிறகு தலைவனின் கையெழுத்து.

இந்த வரிசை வெறும் மரியாதைக்குரிய சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள், பின்னர் நடந்ததைப் பார்க்கவேண்டும். 1956ஆம் வருஷம் மே மாதம் 28ஆம் தேதி கையெழுத்தான ஒப்புவிப்பு உடன்படிக்கையின் இரண்டாவது ஷரத்து, இப்பிரதேசங்களின் தனி நிர்வாக அந்தஸ்து நீடிக்கும் என்றும், அதில் எந்த அரசியலமைப்பு மாறுதலும் ஜனங்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும் என்றும் கூறுகிறது. இருபத்து மூன்று வருஷங்களுக்குப் பின், மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்த காலத்தில், புதுவையைப் பக்கத்து ராஜ்யங்களோடு கரைத்துவிடும் யோசனை கிளம்பிற்று. 1979ஆம் வருஷம் ஜனவரியில் புதுவை கொந்தளித்தது, துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் பலியாயின, யோசனை கைவிடப்பட்டது. அந்த நாட்களில் வீதிக்கு வந்த சாமானிய ஜனங்களின் பக்கத்தில் அந்த ஷரத்து நின்றது. அந்நிய சர்க்காரோடு செய்த உடன்படிக்கையில் எழுதிய ஒரு வாக்கியம், சொந்த சர்க்காரின் அவசரத்துக்கு எதிராகவே நியாயம் பேசிற்று. ஜனங்களுடைய சொல்லைக் காகிதத்தில் ஏற்றுவதன் பயன் இதுதான்.

அதே உடன்படிக்கையில், காகிதம் ஜனங்களை எட்டாமற் போனால் என்ன நேரும் என்பதற்கும் பாடம் உண்டு. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகளாவார்கள் என்றும், விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கலாம் என்றும் அது விதித்தது. பிரெஞ்சுப் பார்லிமெண்டின் அங்கீகாரம் அல்ஜீரிய யுத்தம் ஓயும்வரையில் தாமதமாகி, 1962ஆம் வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதிதான் உடன்படிக்கை அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதம். அந்தக் கெடுவுக்குள் மனுப் போட்டவர் ஒரு தேசத்தவர். போடாதவர் வேறு தேசத்தவர். ஒரே வீட்டில் அண்ணன் பாரிஸுக்குப் போக, தம்பி இங்கே நிற்க, சந்ததிகளின் வாழ்க்கையே பிரிந்து போன குடும்பங்களைப் புதுவையில் இன்றும் காணலாம். எங்கோ அமர்ந்து இரண்டு கனவான்கள் கையெழுத்திடும் காகிதம் எத்தனை வீடுகளின் அடுப்பங்கரை வரையில் வந்து சேருகிறது என்பதைப் புதுவைவாசிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1954ஆம் வருஷத்துப் பீகிங் பிரயாணத்தின் கதி என்னவாயிற்று? அவ்வளவு பெரிய வரவேற்பை ஆசியாவில் எந்தத் தலைவரும் அதற்குமுன் கண்டதில்லை என்று அக்காலத்தில் பேசிக்கொண்டார்கள். பெருந்திரளான ஜனங்கள் பாதையின் இருமருங்கும் நின்று கோஷமிட்டார்கள். பஞ்சசீலக் கொள்கை அவ்வருஷம் ஏப்ரலிலேயே உடன்படிக்கையில் ஏறியிருந்தது. ஆனால் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்ற கேள்வி, அத்தனை மலர்களுக்கும் நடுவே தீராமலே கிடந்தது. சரியாக எட்டு வருஷம் கழித்து, 1962ஆம் வருஷம் அக்டோபர் 20ஆம் தேதி, சீனச் சேனை எல்லையைத் தாண்டியது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் ஜவஹர்லால் பாரிஸ் சென்று ஜனாதிபதி தெ கோலைச் சந்தித்து, புதுவை விவகாரம் சுமுகமாக முடிந்ததன் திருப்தியோடு திரும்பியிருந்தார். ஒரே மனிதர், ஒரே ஆற்றல், ஒரே நல்லெண்ணம். கேட்டுத் தீர்த்த எல்லை நிலைத்தது. கேளாமல் ஒத்திப்போட்ட எல்லை வெடித்தது. வரவேற்பின் சப்தத்தைக் கொண்டு பிரயாணத்தின் பலனை அளப்பது எத்தகைய பிழை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இன்னும் அருகே, நமது இனத்தவரின் வாழ்வைத் தொட்ட விஷயங்களுக்கு வருவோம். 1964ஆம் வருஷம் அக்டோபரில் சிலோன் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக டில்லிக்கு வந்தார். லால்பகதூர் சாஸ்திரியுடன் பேசினார். 30ஆம் தேதி கையெழுத்தாயிற்று. தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிய தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கீடு நடந்தது. ஆடு மாடுகளைப் பங்கிடுகிறவர்கள்கூட அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டே பங்கிடுவார்கள். மூன்று, நான்கு தலைமுறைகள் மலையகத்தில் உழைத்து உருக்குலைந்த அந்த ஜனங்களின் சம்மதத்தைக் கேட்பதற்கு ஒரு கீழூர் கிடைக்கவில்லை. கூனூரிலும் கூடலூரிலும் குடியேற்றப்பட்டவர்களின் சந்ததிகள், தங்கள் ஊர் எது என்று கேட்டால் இன்றும் ஒரு கணம் தயங்குகிறார்கள்.

1974ஆம் வருஷம் ஜூனில் கச்சத்தீவு சிலோன் எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. தீவின் பரப்பு சுமார் 285 ஏக்கர்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள கடல், பாம்பன் முதல் காரைக்கால் வரையில் வலை விரிப்பவர்களின் வயல். அந்த வயலின் வரப்பு எங்கே என்று தீர்மானித்தபோது உழவனைக் கேட்கவில்லை. 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் அவரவர் எல்லைக்குள்ளேயே மீன்பிடிக்க வேண்டும் என்று முடித்துவிட்டன. அன்று முதல் படகுகள் பிடிபடுவதும், மீனவர்கள் சிறையில் அடைபடுவதும், குண்டுபட்டு மாள்வதும் தொடர்கின்றன. வட இலங்கைத் தமிழ் மீனவர்களுக்கும் இதில் நியாயமான முறையீடு உண்டு. நமது இழுவைப் படகுகள் அவர்கள் வலைகளை அறுக்கின்றன என்பதை மறைப்பது தர்மமாகாது. இரு கரையிலும் கடலை நம்பிப் பிழைப்பவர்களை எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டிருந்தால், வரப்பு வேறுவிதமாக விழுந்திருக்கலாம்.

1987ஆம் வருஷம் ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தி கொழும்புக்குச் சென்று ஜெயவர்த்தனாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். தமிழர் பிரச்னையைத் தீர்க்கும் உடன்படிக்கை. ஆனால் தமிழர் தரப்புக் கையெழுத்து அதில் கிடையாது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவனே துப்பாக்கிக் கட்டையால் அவரைத் தாக்கினான். சிங்களவர் ஏற்கவில்லை; தமிழரைக் கேட்கவில்லை. இரண்டரை வருஷத்துக்கு மேல் நமது சேனை அங்கே சிக்கிக்கொண்டு, ஏறத்தாழ 1,200 ஜவான்களைப் பறிகொடுத்து, 1990ஆம் வருஷம் மார்ச்சில் திரும்பிற்று. எத்தனை தமிழ்க் குடும்பங்கள் நாசமாயின என்பதை நினைக்கவும் நெஞ்சு கூசுகிறது. நோக்கம் நல்லதாக இருந்ததென்பதை மறுக்க மாட்டோம். நல்ல நோக்கம், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்துக்கு ஈடாகாது என்பதே நாம் சொல்லுவது.

இப்பொழுதும் பிரயாணங்கள் நடக்கின்றன. 2023ஆம் வருஷம் ஜூலை 14ஆம் தேதி பிரெஞ்சுத் தேசிய தின அணிவகுப்பில் நமது பிரதமர் நரேந்திர மோடி பிரதம விருந்தினராக வீற்றிருந்தார். 2025ஆம் வருஷம் பிப்ரவரியில் மீண்டும் பாரிஸ் சென்றார். ஏப்ரலில் கொழும்புக்குச் சென்று, மீனவர் விஷயத்தை மனிதாபிமானத்துடன் அணுகவேண்டும் என்று கூறினார். பிரயாணம் அதிகம் என்று அலுத்துக்கொள்வோரின் கட்சியில் நாம் இல்லை. இத்தனை பெரிய தேசத்தின் தலைவன் உலகத்தாரோடு கலந்து பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகாய விமானத்தின் செலவைக் கணக்கிடுவது சிறுமை. நாம் கேட்கும் கணக்கு வேறு. யாருடைய சொல்லை எடுத்துச் சென்றீர்கள்? எதைக் கொடுத்து எதைப் பெற்றீர்கள்? திரும்பி வந்து யாரிடம் அதைச் சொன்னீர்கள்?

ராஜதந்திரம் ரகசியத்தை வேண்டுவது. சந்தையில் கூவி நடத்த முடியாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பேரம் பேசும் அறையில் ரகசியம் இருக்கட்டும். நாம் அதில் காது வைக்கவில்லை. ஆனால் பேரத்துக்கு முன்னே ஜனங்களின் விருப்பத்தை அறிவதற்கும், பின்னே கணக்கு ஒப்புவிப்பதற்கும் ரகசியம் குறுக்கே நிற்பதில்லை. பிரான்சும் இந்தியாவும் பேசியது மூடிய கதவுக்குள்தான். கீழூர் திறந்த வெளியில் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

வேறு சிலர், நமது அரசியல் சட்டம் இதையெல்லாம் விதிக்கவில்லையே என்பார்கள். மெய்தான். உடன்படிக்கை செய்வது இங்கே மந்திரிசபையின் அதிகாரம். நிலத்தைக் கொடுப்பதென்றால் மட்டும் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960ஆம் வருஷத்து பெருபாரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு அபிப்பிராயம் தெரிவித்தது. கச்சத்தீவோ, தகராறுக்கு உட்பட்ட இடம், ஆகவே அது கொடுத்ததாகாது என்ற வாதத்தால் அந்த வேலியையும் தாண்டிவிட்டது. பிரெஞ்சுச் சட்டம் தன் அந்நியக் குடியேற்றத்து ஜனங்களுக்குக் கொடுத்த உரிமையை, சுதந்திர இந்தியாவின் சட்டம் சொந்தப் பிரஜைகளுக்கு இன்னும் எழுதி வைக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் இது. சட்டத்தில் இல்லை என்பது சமாதானமாகாது, குறையே ஆகும்.

ஆகவே நாம் கோருவது மூன்றே காரியங்கள். எந்தப் பிரதேசத்தின் எல்லையையோ பிழைப்பையோ பிரஜா உரிமையையோ தொடும் விஷயம் பேச்சுக்கு வருகிறதோ, அந்தப் பிரதேசத்து ஜனங்களின் பிரதிநிதிகளை, பிரதமர் விமானம் ஏறுமுன் அழைத்துக் கேட்கவேண்டும். திரும்பிய பின் கொடுத்ததையும் பெற்றதையும் பார்லிமெண்டின்முன் வைத்து விவாதத்துக்கு இடமளிக்க வேண்டும். கையெழுத்தான காகிதத்தை அது யாரைத் தொடுகிறதோ அவர்களுடைய பாஷையில், கெடு முடியுமுன், அவர்கள் கைக்குச் சேர்க்கவேண்டும். இவற்றுள் எதுவும் நடக்காத காரியமல்ல. முதலாவதைக் கீழூர் நடத்திக் காட்டியது. மூன்றாவதைச் செய்யத் தவறியதன் கஷ்டத்தை நமது வீடுகள் அனுபவித்தன.

அரசியல் தொண்டு புரியும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவர் புறப்படும்போது மாலையோடும், திரும்பும்போது தாரை தப்பட்டையோடும் போய் நிற்பதோ, கறுப்புக்கொடி பிடித்து ஓய்வதோ உங்கள் கடமையின் முடிவல்ல. இராமேசுவரத்திலும் காரைக்காலிலும் மீனவர் பஞ்சாயத்துகளோடு உட்கார்ந்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள், எதை விட்டுக்கொடுக்க இசைவார்கள் என்பதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். 1954ஆம் வருஷத்தில் நெட்டப்பாக்கத்தாரும் முனிசிபல் சபையாரும் டில்லியின் உத்தரவுக்குக் காத்திராமல் அதைத்தான் செய்தார்கள். எழுதி வைத்த தீர்மானம் இருந்ததனால்தான், பேசப் போனவர்களுக்குப் பேசுவதற்குப் பொருள் இருந்தது.

கோரிமேட்டில் இன்று எவரும் மூட்டையை அவிழ்த்துக் காட்டுவதில்லை. ஜிப்மருக்கு வரும் நோயாளியிடம் நீ எந்த ராஜ்யத்தவன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பச் சாவடியும் இல்லை. அந்த வழி, பீகிங்கில் தூவிய மலர்களால் திறக்கவில்லை. அடுத்த முறை கடல் கடந்து செல்லும் தலைவர், பாம்பனிலும் காரைக்காலிலும் ஒரு கீழூரை நடத்திவிட்டுப் புறப்படட்டும். அப்பொழுது அவருடைய பிரயாணத்தை வாழ்த்தி வழியனுப்ப நாமும் வாசலில் நிற்போம்.